தரை தொட்டதும் விமானம் பக்கவாட்டில் இழுக்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

சிறு விமானங்களுக்கு விமானியின் கையால் நேரும் விபத்துகளில், எண்ணிக்கையில் முன்னால் நிற்பது தரையிறக்கம்தான். அமெரிக்க விமான உரிமையாளர்கள், விமானிகள் சங்கமான ஏஓபிஏ வெளியிடும் விபத்து ஆய்வறிக்கைகள் ஆண்டுதோறும் இதையே சொல்கின்றன. இவற்றில் உயிரிழப்பு அரிது என்பது ஆறுதல். ஆனால் மூக்குக்கால் மடங்கி, புரொப்பெல்லர் தரையில் அடித்து, எஞ்சினைப் பிரித்துச் சோதிக்க வேண்டிய நிலை வந்தால் விமானம் மாதக்கணக்கில் ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) முடங்கிவிடும். ஓட்டியவரின் தன்னம்பிக்கையும் அதோடு சேர்ந்து முடங்கும்.

என்ன நடந்தது என்று கேட்டால், "நன்றாகத்தான் இறங்கினேன், திடீரென்று காற்று இழுத்துவிட்டது" என்ற பதிலே பெரும்பாலும் வரும். காற்று அன்று எல்லோருக்கும்தான் அடித்தது. எந்த நொடியில் இழுத்தது என்று கேட்டால்தான் உண்மையான காரணம் வெளியே வரும். தரை தொட்ட நொடி, மூக்குச் சக்கரம் இறங்கிய நொடி, வேகம் குறையும் நேரம், பிரேக்கில் கால் வைத்த நொடி, பவர் கொடுத்த நொடி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே போகிறது. பெரும்பாலானோர் பயிலும் செஸ்னா 172, பைபர் செரோகி ஆகிய இரண்டையும் முன்னிறுத்திச் சொல்கிறேன். மூக்குக்குப் பதில் வாலுக்கு அடியில் சிறு சக்கரம் உள்ள வால் சக்கர விமானத்தின் கதை வேறு. அதற்குத் தனி இடம் கொடுத்திருக்கிறேன்.

இழுத்துக்கொண்டிருக்கும்போதே என்ன செய்வது?

காரணம் தேடுவதெல்லாம் பிறகு. விமானம் மையக்கோட்டை விட்டு விலகும்போது உங்கள் முன் இரண்டு வழிகள்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே தயங்கி நிற்பதுதான் ஆபத்து.

வேகம் இன்னும் கணிசமாக இருக்கிறது, மூக்கு ஏறக்குறைய ஓடுபாதையின் திசையிலேயே இருக்கிறது, எதிரே நீளமும் மிச்சமிருக்கிறது என்றால் முழு பவர் கொடுத்து, வலது ரட்டரை (பெடலால் இயங்கும், மூக்கை இடம் வலம் திருப்பும் வால் தகடு) அழுத்தி, மறுபடி எழும்பிவிடுங்கள்.

வேகம் குறைந்துவிட்டது, அல்லது மூக்கு ஏற்கெனவே புல்வெளிப் பக்கம் திரும்பிவிட்டது என்றால் தரையை விட்டு எழும்ப நினைக்கவே கூடாது. பவரை முழுவதும் மூடுங்கள். யோக்கை (கையால் பிடிக்கும் கட்டுப்பாட்டுச் சக்கரம்) பின்னால் இழுத்து மூக்குச் சக்கரத்தின் மீதுள்ள பாரத்தைக் குறையுங்கள். ரட்டரால் நேராக்கப் பாருங்கள். முடியவில்லையா, புல்லில் நேராக ஓடவிடுங்கள். பாதையின் விளிம்பில் வைத்துச் சட்டென்று உள்ளே திருப்பினால் பக்கவாட்டுச் சுமை தாங்காமல் சக்கரக்கால் மடங்கும். நேராகப் புல்லில் இறங்கினால் ஓர விளக்கு ஒன்றிரண்டு உடையலாம், உடைந்துவிட்டுப் போகட்டும். மூக்கு திரும்பிய நிலையில், போதிய வேகமும் இல்லாமல், பதற்றத்தில் முழு பவர் போட்டு மரத்தையோ ஹேங்கரையோ நோக்கி எழும்ப முயல்வதுதான் வெறும் பொருட்சேதத்தை உயிர்ச்சேதமாக்குகிறது. இதை ஒவ்வொரு மாணவரிடமும் தரையிலேயே, எஞ்சினை இயக்குவதற்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பேன். ஓடுபாதையில் யோசிப்பதற்கு நேரம் கிடைக்காது.

நிறுத்திவிட்டு இறங்கிய பிறகு மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி வையுங்கள். எந்த நொடியில் இழுத்தது? எந்தப் பக்கம் இழுத்தது: காற்று வந்த பக்கமா, காற்று போன பக்கமா, அல்லது காற்று எப்படி இருந்தாலும் ஒரே பக்கமா? அப்போது உங்கள் பாதங்கள் பெடலின் எந்தப் பகுதியில் இருந்தன?

பிரதானச் சக்கரங்கள் தொட்ட நொடியிலேயே உதறி இழுக்கிறது

டயர் கீச்சிடும், உடல் பக்கவாட்டில் ஒருமுறை ஆடும், அடுத்த கணம் மூக்கு ஒரு பக்கம் வெட்டும். இந்தக் கோளாறு தரையில் தொடங்கியதல்ல. கடைசி சில மீட்டர் உயரத்திலேயே தொடங்கிவிட்டது. டயர் தரையைப் பிடித்தபோது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தவறான மருந்தைக் கொடுத்துவிடுவோம். முதல் வகையில் விமானம் ஓடுபாதை வழியே நேராகத்தான் போகிறது, ஆனால் மூக்கு மட்டும் காற்றுப் பக்கம் கோணலாக இருக்கிறது. குறுக்குக் காற்றைச் சமாளிக்க வைத்த கோணத்தை எடுக்காமலே இறக்கிவிட்டால் இப்படித்தான் ஆகும். மூன்று சக்கர விமானத்தின் (முன்னால் ஒரு மூக்குச் சக்கரம், பின்னால் இரண்டு பிரதானச் சக்கரங்கள்) ஈர்ப்பு மையம் பிரதானச் சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால், டயர் பிடித்ததும் விமானம் தன் பயணத் திசைக்கே தன்னை நேராக்கிக்கொள்ளும். அந்த உதறல்தான் உடம்பில் தெரிகிறது. கோணம் சிறியதென்றால் விமானம் மன்னித்துவிடும். டயரும் சக்கரக்காலும் அதற்கு விலை கொடுக்கும்.

இரண்டாவது வகை மோசமானது. மூக்கு நேராக இருக்கிறது, ஆனால் விமானம் காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் நழுவிக்கொண்டிருக்கிறது. தரை தொட்டதும் அது தான் நழுவும் திசையை நோக்கித் திரும்பும். காற்று போகும் பக்கத்து ஓரத்துக்கு ஓடும். ஆகவே உதறலுக்குப் பின் விமானம் நேராகிவிட்டால் கோணம் எடுக்கப்படவில்லை என்றும், காற்று போகும் பக்கமே தொடர்ந்து ஓடினால் நழுவலை நிறுத்தவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டுக்கும் கருவி வேறு. நழுவலை நிறுத்துவது எய்லரான், அதாவது யோக்கைத் திருப்பினால் விமானத்தைச் சாய்க்கும் இறக்கைத் தகடு. காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்த வேண்டும். மூக்கை நேராக்குவது ரட்டர். எதிர்ப்பக்கப் பெடலை அழுத்த வேண்டும். சரியாகச் செய்தால் காற்றுப் பக்கச் சக்கரம் முதலில் தொடும், மற்றது பிறகு, மூக்குச் சக்கரம் கடைசியில். மாணவர்கள் பெரும்பாலும் மையக்கோட்டுக்குத் திரும்ப ரட்டரை மிதிக்கிறார்கள். விமானம் நகர்வதில்லை, கோணலாவது மட்டும்தான் மிச்சம். இதைச் சரிசெய்யத் தரையிறங்கிக்கொண்டே இருப்பதைவிட நல்ல பயிற்சி ஒன்று உண்டு. ஆசிரியர் கொஞ்சம் பவர் வைத்துக்கொடுக்க, நீளமான ஓடுபாதையின் மேல் ஆள் உயரத்தில் தரை தொடாமல் முழு நீளமும் பறந்து, எய்லரானால் இடம் வலம் நகர்த்தி, ரட்டரால் மூக்கை மட்டும் நேராக வைத்துப் பழக வேண்டும். தரையிறக்கத்தில் சில நொடிகளே கிடைக்கும் அனுபவம் இதில் ஒரே மூச்சில் அரை நிமிடம் கிடைக்கிறது.

காற்றே இல்லாத நாளிலும் மூக்கு எப்போதும் இடப்பக்கம் பார்த்தபடியே இறங்குகிறதா? இடது இருக்கையில் உட்கார்வதுதான் காரணமாக இருக்கும். விமானத்தின் நடுக்கோடு உங்களுக்கு வலப்பக்கம் இருக்கிறது. புரொப்பெல்லரின் நடுக்குமிழை ஓடுபாதையின் கோடியோடு பொருத்தினால், விமானம் உண்மையில் இடப்பக்கம் திரும்பியிருக்கும். டாக்சி செய்யும்போது, அதாவது தரையில் மெதுவாக ஓட்டும்போது, மஞ்சள் கோட்டின் மேல் விமானத்தை நேராக ஓடவிட்டு நிறுத்துங்கள். உங்கள் கண்ணுக்கு நேர் எதிரே, தொலைவில், அந்தக் கோட்டுக்கு இணையான பார்வையில் தெரியும் ஒரு மரத்தையோ கட்டடத்தையோ பாருங்கள். அந்தப் பார்வை எஞ்சின் மூடியின் எந்த இடத்தைக் கடக்கிறதோ, அந்த ரிவெட்டோ திருகோதான் இனி உங்கள் அடையாளம். கண்ணாடியில் அழிக்கக்கூடிய பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு சில தரையிறக்கங்கள் செய்தாலே பழகிவிடும்.

பார்வையைப் பற்றி இன்னொன்று. மூக்குக்கு அருகில் உள்ள தரையைப் பார்ப்பவருக்கு நழுவலும் தெரியாது, திரும்புதலும் தெரியாது. கண் ஓடுபாதையின் கோடியில் இருக்க வேண்டும்.

நேராக ஓடியது, மூக்குச் சக்கரம் இறங்கியதும் வெட்டி இழுத்தது

இங்கே உங்கள் விமானத்தின் அமைப்பு தெரிந்திருப்பது அவசியம். செரோகி குடும்பத்தில் ரட்டர் பெடலும் மூக்குச் சக்கரமும் தண்டுகளால் நேரடியாக இணைக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் வானில் வலது ரட்டரை அழுத்தினால் மூக்குச் சக்கரமும் அங்கேயே வலப்பக்கம் திரும்பி நிற்கும். இடப்பக்கக் குறுக்குக் காற்றில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். இடது இறக்கை தாழ்ந்திருக்கிறது, வலது பெடல் பாதி அழுந்தியிருக்கிறது. பிரதானச் சக்கரங்கள் தொட்டு ஓடுகின்றன. விமானி யோக்கைத் தளர்த்துகிறார், பெடலைத் தளர்த்தவில்லை. வலப்பக்கம் திரும்பிய சக்கரம் 45 நாட் (மணிக்கு 45 கடல் மைல்) வேகத்தில் தாரில் விழுந்து, விழுந்த திசையிலேயே வெட்டுகிறது. உடனே விமானி பதறி இடது பெடலை முழுவதும் மிதிக்கிறார். விமானம் இடப்பக்கம் பாய்கிறது. மூன்றாவது பாய்ச்சலில் ஓடுபாதை முடிந்துவிடும். மருந்து எளிது: மூக்கு இறங்கும் கணத்தில் பெடலை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள், அதே நேரத்தில் எய்லரானைக் காற்றுப் பக்கம் கூட்டுங்கள்.

செஸ்னா 172-இல் மூக்குக்கால் முழுவதும் நீண்டிருக்கும்போது சக்கரம் நடுவில் பூட்டிக்கொள்ளும். தரையில் பாரம் விழுந்து கால் உள்வாங்கிய பிறகே பெடல் அதைத் திருப்பும். அதுவும் நடுவில் ஸ்பிரிங் வழியாகத்தான். அதனால் செரோகி அளவுக்கு முரட்டு வெட்டு இராது. ஆனால் இதற்கென்று ஒரு கோளாறு உண்டு. மூக்குக்கால் ஸ்ட்ரட்டில் (அதிர்ச்சியை வாங்கும் குழாய்) காற்றழுத்தம் அதிகமாக இருந்தால், இறங்கிய பிறகும் அது உள்வாங்காமல் நீண்டே நிற்கும், பூட்டு விடுபடாது, பெடல் எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் திரும்பாது. "மிதித்தேன், கேட்கவில்லை" என்று ஒருவர் சொன்னால் முதலில் ஸ்ட்ரட்டின் பளபளக்கும் பகுதி எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பாருங்கள்.

டைமண்ட் டிஏ40, சிரஸ், பழைய கிரம்மன் ஆகியவற்றில் மூக்குச் சக்கரத்துக்கும் பெடலுக்கும் தொடர்பே இல்லை. சக்கரம் தன்போக்கில் சுழலும். வேகத்தில் ரட்டர், வேகம் குறைந்தபின் ஒருபக்கப் பிரேக், இவைதான் கைவசம்.

அமைப்பு எதுவானாலும் பொதுவான பெரிய காரணம் ஒன்று இருக்கிறது: அதிக வேகம். பறக்கும் வேகம் மிச்சமிருக்கும்போதே விமானத்தைத் தரையில் அழுத்திவிட்டால், இறக்கை இன்னும் எடையைத் தாங்கிக்கொண்டிருப்பதால் பிரதானச் சக்கரங்கள் தரையில் பட்டும் படாமலும் இருக்கும். தரையில் விழும் எடை மூக்குச் சக்கரத்தின் மேல் சாயும். விமானம் அந்த ஒற்றைச் சக்கரத்தை அச்சாகக் கொண்டு இஷ்டத்துக்குச் சுழலத் தயாராக நிற்கும். யோக்கை முன்னால் தள்ளத் தள்ள நிலைமை கெடும். 60 நாட் வேகத்தில் வர வேண்டியவர் 70 நாட் வேகத்தில் வந்தால் நிறுத்தவேண்டிய ஆற்றல் 36 சதவீதம் கூடுகிறது. இழுப்பு இந்த வகை என்று சந்தேகம் வந்தால் பெடலை ஆராய வேண்டாம். இறங்குவதற்காக ஓடுபாதையை நெருங்கியபோது வேகமானி என்ன காட்டியது என்பதை ஆராயுங்கள். தரையில் இதை உணர்ந்தால் முன்னழுத்தத்தை விடுங்கள். நீளம் இருந்தால் எழும்பிவிடுங்கள்.

மூக்குச் சக்கரம் படபடவென்று அடிக்கிறது

கருவிப் பலகையே மங்கலாகத் தெரியும் அளவுக்கு அதிர்ந்தால் அது ஷிம்மி. யோக்கைப் பின்னால் இழுத்து மூக்கின் பாரத்தைக் குறைத்தால் உடனே தணியும். பிரேக்கை அழுத்தினால் பாரம் முன்னால் சாய்ந்து அதிர்வு கூடும். பிறகு மெக்கானிக் பார்க்கவேண்டியவை: அதிர்வைத் தணிக்கும் ஷிம்மி டேம்பரில் எண்ணெய்க் கசிவு, கத்தரிக்கோல் வடிவ இணைப்பின் புஷ் தேய்மானம், டயரின் சமநிலை, காற்றழுத்தம். தன்போக்கில் சுழலும் மூக்குச் சக்கரமானால் அதைத் திருப்பத் தேவையான விசையை ஸ்பிரிங் தராசால் அளந்து கையேட்டோடு ஒப்பிட வேண்டும். நீங்களே செய்யக்கூடிய சோதனையும் உண்டு. விமானத்தின் கையேடு அனுமதிக்கும் இடத்தில் வால் பக்கத்தை அழுத்தி மூக்கைத் தூக்கிவைத்துவிட்டு, இன்னொருவரை விட்டு மூக்குச் சக்கரத்தை முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் 'டக்' என்று தட்டும் ஆட்டம் தெரிந்தால் அந்த விமானத்தை அன்று எடுக்காதீர்கள்.

வேகம் குறையக் குறைய மெல்லக் காற்றுப் பக்கம் திரும்புகிறது

தரை தொட்டது அழகு; முதல் பாதி ஓட்டமும் நேர். பிறகு யாரோ மூக்கைப் பிடித்துத் திருப்புவதுபோல் காற்று வரும் பக்கம் போகிறது. அந்தப் பக்கத்து இறக்கையும் லேசாக எழும்புகிறது. விமானத்தின் பக்கப் பரப்பில் பெரும்பகுதி சக்கரங்களுக்குப் பின்னால், வாலில் இருக்கிறது. காற்று அதைத் தள்ளினால் மூக்கு காற்றை நோக்கித் திரும்பும். வேகம் இருந்தவரை ரட்டர் இதை அடக்கியது. ரட்டரின் பலம் வேகத்தின் வர்க்கத்தோடு குறைகிறது; குறுக்குக் காற்றோ குறைவதில்லை.

கிட்டத்தட்ட எல்லோரிடமும் நான் காணும் பழக்கம், தரை தொட்டதும் கைகளைத் தளர்த்திவிடுவது. வானில் காற்றுப் பக்கம் வைத்திருந்த எய்லரானை "இறங்கியாகிவிட்டது" என்ற நிம்மதியில் நடுவுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். செய்யவேண்டியது இதற்கு நேர் மாறானது. வேகம் குறையக் குறைய எய்லரானைக் காற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டே போய், டாக்சி வேகத்துக்கு வரும்போது யோக் முழுவதும் திரும்பியிருக்க வேண்டும். விமானம் நின்று கட்டப்படும்வரை ஓட்டுவது முடியவில்லை.

அன்றைக்குக் காற்று எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்குப் போட்டீர்களா? ஓடுபாதைக்கு 30 பாகைக் கோணத்தில் வரும் காற்றில் பாதி குறுக்காக அடிக்கும். 45 பாகையில் பத்தில் ஏழு பங்கு. 60 பாகையில் கிட்டத்தட்ட ஒன்பது பங்கு. அமெரிக்க விமான நிலையங்களில் காற்றைக் காட்டக் கம்பத்தில் கட்டும் துணியாலான காற்றுப்பை 15 நாட் காற்றில் முழுவதும் விறைத்து நிற்கும்படி வடிவமைக்கப்படுகிறது. செஸ்னா 172-இன் கையேட்டில் செய்துகாட்டப்பட்ட குறுக்குக் காற்றும் அதே 15 நாட். எனவே பாதைக்குக் குறுக்கே பை விறைத்து நிற்பதைக் கண்டால், அந்தக் கையேடு உத்தரவாதம் தரும் எல்லையிலோ அதைத் தாண்டியோ நிற்கிறீர்கள். பைபர் வாரியருக்கு அது 17 நாட், செஸ்னா 152-க்கு 12 நாட். சட்டப்படி இது தடை அல்ல. தேர்ந்த சோதனை விமானி செய்துகாட்டிய அளவு. அதனாலேயே புதியவர் இதற்கு வெகு கீழே தன் எல்லையை வைத்துக்கொள்ள வேண்டும். வேறு ஓடுபாதையோ வேறு விமான நிலையமோ தேடிப் போவது திறமைக் குறைவு அல்ல.

பிரேக்கில் கால் வைத்தால் மட்டும் ஒரு பக்கம் போகிறது

காற்றில்லா நாளிலும், எப்போதும் ஒரே பக்கம், பிரேக் போடும்போது மட்டும் என்றால் இயந்திரக் கோளாற்றைச் சந்தேகிக்கலாம். ஒரு பக்க பெடல் மெத்தென்று அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது எங்கோ கசிவு இருக்கலாம். சிறு விமானங்களின் பிரேக் எண்ணெய் சிவப்பு நிறம். சக்கரத்தின் உட்பக்கத்திலோ பெடலுக்குக் கீழே விரிப்பிலோ சிவப்புக் கறை தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது. பரவலாகப் பயன்படும் கிளீவ்லேண்ட் பிரேக்கில், ரிவெட் அடித்த லைனிங் 0.100 அங்குலத்துக்கு, அதாவது சுமார் இரண்டரை மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் மாற்றியாக வேண்டும். பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று அறிய, சமதளத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் இறக்கைத் தாங்குகம்பியைப் பிடித்து விமானத்தைத் தள்ளிப் பாருங்கள். ஒரு சக்கரத்தைச் சுற்றியே அது திரும்பப் பார்த்தால் அந்தப் பக்கப் பிரேக்கின் காலிப்பர் (வட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) விடவில்லை.

இயந்திரத்தில் குறை இல்லையென்றால் உங்கள் குதிகாலைப் பாருங்கள். குதிகால் தரையில் ஊன்றி, முன்பாதம் பெடலின் கீழ்ப்பகுதியில் இருக்க வேண்டும். பெடலின் மேல்பகுதி பிரேக். பாதம் அங்கே ஏறியிருந்தால், ரட்டரை மிதிப்பதாக நினைத்துப் பிரேக்கையும் சேர்த்து மிதிப்பீர்கள். சக்கரம் பூட்டிய நிலையில் தரை தொட்டால் டயர் ஒரே இடத்தில் தேய்ந்து வெடிக்கும். இருக்கை சரியான இடத்தில் இருக்கிறதா என்பதும் இதோடு சேர்ந்ததே. ரட்டரை முழுவதும் அழுத்தி, அதே நிலையில் பிரேக்கையும் அழுத்த முடிகிறதா என்று புறப்படும் முன் சோதியுங்கள். குள்ளமானவர்கள் முதுகுக்கு ஒரு மெத்தை வைத்துக்கொள்வதில் வெட்கமே வேண்டாம். இருக்கை தண்டவாளத்தில் பூட்டிக்கொண்டதா என்று பின்னால் தள்ளிப் பார்க்கவும் மறக்காதீர்கள். நழுவும் இருக்கைக்காகவே செஸ்னாக்களுக்கு 1987-இல் கட்டாயச் சோதனை உத்தரவு வந்தது.

மழை நாளில் பிரேக் போட்டும் வேகம் குறையாமல், பெடலுக்கும் கட்டுப்படாமல் வழுக்கினால் டயர் தண்ணீரின் மேல் மிதக்கிறது. 1963-இல் நாசாவின் லாங்லி மையத்தில் வால்டர் ஹார்ன் குழுவினர் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால், மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். சதுர அங்குலத்துக்கு 36 பவுண்டு என்றால் 54 நாட். காற்றுக் குறைந்த டயர் இன்னும் சீக்கிரமே மிதக்கும். அந்த வேகத்துக்குக் கீழே வரும்வரை பிரேக்கைத் தொடாமல், யோக்கைப் பின்னால் வைத்து, ரட்டரால் மட்டும் நேராக ஓட்டுங்கள்.

தரை தொட்டதிலிருந்தே ஒரு பக்கம் தாழ்ந்து, கனமாக இழுத்துக்கொண்டே போனால் அந்தப் பக்க டயர் தட்டையாகியிருக்கும். எய்லரானால் நல்ல டயர் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கப் பிரேக்கை மட்டும் அளவாகப் போட்டு, ஓடுபாதையிலேயே நிறுத்திவிடுங்கள். டாக்சி செய்து வெளியேற முயன்றால் சக்கரமே போய்விடும்.

துள்ளியது, பவர் கொடுத்ததும் இடப்பக்கம் பாய்ந்தது

மிகக் கவனமாகப் படிக்கவேண்டிய பகுதி இது. நல்ல முடிவு எடுத்தவரே விபத்தில் மாட்டும் இடம் இதுதான். விமானம் துள்ளுகிறது, வேகம் குறைந்து, மூக்கு உயர்ந்து, இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப் முழுவதும் இறங்கியிருக்கிறது. விமானி சரியாகவே எழும்ப முடிவெடுத்து முழு பவரைத் தள்ளுகிறார். விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் லைகமிங், கான்டினென்டல் எஞ்சின்களின் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றும். அதன் சுழல்காற்று வாலின் இடப்பக்கத்தில் மோதுகிறது. மூக்கு உயர்ந்த நிலையில் புரொப்பெல்லரின் வலப்பக்கம் கீழிறங்கும் அலகு அதிகம் இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து மூக்கை இடப்பக்கம் தள்ளுகின்றன. பழைய டைகர் மாத் விமானத்தின் ஜிப்சி மேஜர் எஞ்சின் எதிர்த்திசையில் சுற்றுவதால் அதில் வலப்பக்கம் இழுக்கும். போதாக்குறைக்கு, இறங்குவதற்காக வைத்த டிரிம் (யோக்கைப் பிடிக்கும் கையின் பாரத்தைக் குறைக்கும் அமைப்பு) மூக்கை இன்னும் மேலே தூக்கும்.

எனவே வலது கை பவரைத் தள்ளும்போதே வலது காலும் அழுத்த வேண்டும். இடது கை யோக்கை முன்னால் தள்ளி மூக்கை அடக்க வேண்டும். பிறகு ஃபிளாப்பைக் கையேடு சொல்லும் முதல் கட்டத்துக்கு உயர்த்துங்கள். செஸ்னா 172-இல் அது 20 பாகை. ஒரே மூச்சில் முழுவதும் உயர்த்தினால் விமானம் அமிழும். பாதுகாப்பான உயரத்தில், தரையிறங்கும் வேகத்தில் பறந்துகொண்டு, இந்தக் கால் பழக்கத்தைத் திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். துள்ளலின் நடுவே முதன்முறையாகச் செய்யவேண்டிய வேலை அல்ல இது.

வால் சக்கர விமானம் சுற்றிக்கொள்ளப் பார்க்கிறது

பைபர் ஜே-3 கப், சிட்டாப்ரியா, செஸ்னா 180 போன்றவற்றில் ஈர்ப்பு மையம் பிரதானச் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. கயிறு கட்டி முன்னாலிருந்து இழுக்கும் வண்டி ஒழுங்காகப் பின்தொடரும். அதையே பின்னாலிருந்து கோலால் தள்ளினால் கொஞ்சம் விலகினாலும் குறுக்கே திரும்பிவிடும். மூன்று சக்கர விமானம் முதல் ரகம், வால் சக்கர விமானம் இரண்டாம் ரகம். மூக்கு சிறிது திரும்பினால் பின்னால் உள்ள எடை வெளிப்பக்கம் வீசி, அந்தத் திருப்பத்தையே வளர்க்கும். ஒரு கட்டத்துக்கு மேல் முழு ரட்டரும் போதாது. வெளிப்பக்க இறக்கை தாழும், நுனி தரையில் உரசும், வெளிப்பக்கச் சக்கரக்கால் உள்ளே மடங்கும். விமானிகள் இதைக் கிரவுண்ட் லூப் என்கிறார்கள்.

அறிகுறி தெரிந்த பிறகு திருத்துவது இங்கே பெரும்பாலும் தாமதம். கால்கள் ஓயாமல், சிறிது சிறிதாக, முன்கூட்டியே வேலை செய்ய வேண்டும். திருப்பம் தொடங்கிவிட்டால் எதிர் ரட்டர். போதாவிட்டால் திருப்பத்தின் வெளிப்பக்கப் பிரேக்கை மட்டும் அளவாக. இடம் இருந்தால் ஒரு சிறு பவர் வீச்சு ரட்டருக்கு உயிர் கொடுக்கும். மூக்கு திரும்பி நேராகத் தொடங்கும்போதே ரட்டரை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பக்கம் சுற்றும். புதியவர்கள் புல் ஓடுபாதையில் பழகுவது நல்லது; புல் டயரைச் சற்று நழுவவிடும், தார் விடாது. 1991 ஏப்ரல் 15-க்கு முன்பே வால் சக்கர விமானத்தைத் தலைமை விமானியாக ஓட்டியவர் தவிர மற்றவர்கள் ஆசிரியரிடம் தனிப் பயிற்சி பெற்றுக் கையொப்பம் வாங்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்வது இதற்காகத்தான்.

எவ்வளவு கவனமாக ஓட்டியும் வால் ஆடிக்கொண்டே இருந்தால் வால் சக்கரத்தைப் பாருங்கள். இணைப்பு ஸ்பிரிங்குகளில் ஒன்று தளர்ந்திருக்கலாம். சக்கரத்தைத் திருப்பும் பூட்டு தேய்ந்து, வேண்டாத நேரத்தில் விடுபட்டுத் தன்போக்கில் சுழலலாம். பட்டை ஸ்பிரிங் பல ஆண்டு பாரத்தில் தட்டையாகி, சக்கரத்தின் சுழலச்சைச் சாய்த்திருக்கலாம்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது

"இடப்பக்கம் இழுக்கிறது" என்று மட்டும் எழுதி வைத்தால், பெரும்பாலும் "சோதித்தோம், குறை தெரியவில்லை" என்ற பதிலோடு விமானம் திரும்பி வரும். முதலில் காற்றில்லாத காலையில், சமமான டாக்சி பாதையில், மெதுவாக ஓட்டி, பாதங்களைப் பெடலிலிருந்து எடுத்துப் பாருங்கள். அப்போதும் ஒரே பக்கம் போனால் இணைப்புத் தண்டின் அளவோ, டயர் அழுத்தமோ, விடாத பிரேக்கோ காரணம் என்று அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். அப்போது நேராகப் போய், 40 நாட் வேகத்துக்கு மேல் மட்டும் இழுத்தால் அதையும் எழுதுங்கள். எந்த வேகம், மூக்குச் சக்கரம் தரையிலா மேலேயா, பிரேக் போட்டதா இல்லையா, காற்று எந்தப் பக்கம், எத்தனை பேர் இருந்தார்கள், எரிபொருள் எவ்வளவு என்று வரிசையாகக் குறித்துக் கொடுத்தால் அவர் எங்கிருந்து தொடங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை. ஒரு முறை ஓடுபாதையை விட்டுப் புல்லில் இறங்கிய விமானம் என்றால், வெளியில் கீறல்கூட இல்லாவிட்டாலும் அதைச் சொல்லாமல் விடாதீர்கள். மூக்குக்கால் இணையும், எஞ்சினையும் விமானி அறையையும் பிரிக்கும் தீச்சுவர்த் தகட்டில் உள்ள சுருக்கமும் விலகிய ரிவெட்டும், எஞ்சின் மூடியைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.